காயமுற்றவனுக்கும் ஓர் இடம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்த எம் பங்கு இளைஞன் ஒருவன், பிரஸ் இயந்திரத்தில் இரு விரல்களை இழந்தான். பங்குக் கால்பந்து அணியின் கோல்காவலன் அவன். "இனி வெளியே அமர்ந்து பார், தம்பி" என்றேன். ஆறுதல் என்றெண்ணியே சொன்னேன். அவன் மைதானத்திற்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

பின்னர்தான் சையத் அப்துல் ரஹீமைப் பற்றிப் படித்தேன். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்; 1950 முதல் 1963 வரை இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர். 1951இல் தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962இல் ஜகார்த்தாவில், தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல்களோடு இருந்தார். ரஹீம் அவரை ஒதுக்கிவிடவில்லை; முன்கள வீரராக இறக்கினார். தென்கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்; இந்தியா 2–1 என வென்றது. மறுஆண்டு ஜூன் மாதம் ரஹீமைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று.

நான் அவனுக்குக் கொடுத்தது இரக்கம். அவன் வேண்டியதோ ஓர் இடம். அன்று மாலையே அவன் வீட்டிற்குச் சென்றேன். "இடது ஓரத்தில் ஓட ஆள் தேவை. வருகிறாயா?"

"கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, சாமி" என்றான்.

அந்த ஞாயிறு எங்கள் அணி தோற்றது. அவன் ஆட்டம் முடியும்வரை ஓடினான்.