வானம் பார்க்கும் வன்னி

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், ஆனையிறவின் உவர்நீர்ப் பரப்பைக் கடந்ததும் வேறோர் உலகத்துட் புகுகின்றனர். பனந்தோப்பும் கிடுகு வேலியும் குறைந்து, பாலையும் வீரையும் முதிரையும் வளர்ந்த காடு தோன்றுகின்றது. தோட்டக் கிணற்றை நம்பிய வாழ்வு பின்னே நின்றுவிட, குளத்தை நம்பிய வாழ்வு முன்னே விரிகின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலம் அது. நெல்லும் தேனும் பாலும் மலிந்த நாடென்று அதனைப்பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஓர் ஆவணி மாதத்து நண்பகலில் இரணைமடுக் குளக்கட்டின்மீது நின்றபோது, கேளாத மறுபக்கத்தையும் கண்டோம்.

நீர் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. அலைகரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கச்சான் காற்று புழுதியை வாரி எறிய, எலும்பு தெரியும் மாடுகள் சில ஈரமுள்ள இடந்தேடிச் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தன.

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் இது. 1902ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை முடிய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. யாழ்ப்பாணத்தின் நில நெருக்கடியைத் தணிக்கும் பொருட்டு 1936 இல் கிளிநொச்சியில் குடியேற்றம் ஆரம்பமாயிற்று. குளக்கட்டும் பின்னர் பன்முறை உயர்த்தப்பட்டது. இன்று இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் இவ்வொரு குளத்தை நம்பியுள்ளன.

இத்துணைப் பெரிய குளமிருந்தும் வறட்சி ஏன் என்று மாணவர்கள் வினவக்கூடும். வன்னிக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மூன்று மாதங்களிலேயே கிடைக்கின்றது. கனகராயன் ஆறு, பாலியாறு, பேராறு யாவும் மாரியில் பெருகிக் கோடையில் மணலாகும் ஆறுகள். மூன்று மாத மழையைத் தேக்கி வைத்தே ஆண்டு முழுவதும் உண்ணவேண்டும். அம்மழை பொய்த்தால் வறட்சி. ஒரே இரவில் கொட்டிவிட்டாலோ, சமதரையாகிய அந்நிலமெங்கும் வெள்ளம்.

இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததும் உண்டு. 2016 இன் மாரி பொய்த்ததனால் 2017 இல் இலங்கை நாற்பது ஆண்டுகளிற் காணாத வறட்சியைக் கண்டது. வன்னியில் அத்துயர் 2018 இலும் தொடர்ந்தது. பவுசர்களில் வந்த குடிநீருக்காகப் பெண்கள் குடங்களோடு காத்து நின்றனர். பயிருக்கென்று வாங்கிய நுண்கடன் கழுத்தை நெரித்தது. வறட்சி மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு தீர்மானிக்கும் அளவுக்கு நிலை முற்றியது. அவ்வாண்டு மார்கழியில், திருத்தி உயர்த்தப்பட்ட இரணைமடு நிரம்பியதென ஊர் மகிழ்ந்தது. சில நாட்களுள், டிசம்பர் 21ஆந் திகதி இரவு, பெருமழை கொட்டிற்று. வான் கதவுகள் யாவும் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உடுத்த துணியுடன் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தன. கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்னும் வினாவும் எழுந்து விசாரணை வரை சென்றது. நீரின்றி வாடிய அதே வயல்கள் நீருள் அழுகின.

கட்டின்மீது எம்மைக் கண்ட முதியவர் ஒருவர் மிதிவண்டியை நிறுத்தி, “தம்பிமார், வெய்யிலில நிண்டு என்ன பாக்கிறியள்?” என்று வினவினார். குளத்தின் நிலையைச் சுட்டினோம். “தண்ணி குறைஞ்சா எல்லாருக்கும் குறையோணும். ஒருத்தனுக்கு நிறைய, ஒருத்தனுக்கு இல்லை எண்டு இருக்கக்கூடாது” என்றார்.

அவர் கூறியது வன்னியின் பழைய நியதி. சிறுபோகத்துக்கு முன் கமக்காரரும் அதிகாரிகளும் கூடி, இருக்கும் நீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாமெனத் தீர்மானிப்பர். நீர் போதாத ஆண்டில் விதைப்பு நிலம் சுருங்கும்; சுருங்கிய நிலம் பங்காளரிடையே பகிரப்படும். வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் உள்ளவனுக்கும் பங்கு உண்டு. இப்பகிர்வில் பிணக்குகளும் உண்டாம். எனினும், அடுத்தவன் பட்டினி கிடக்க நாம் மட்டும் விதைத்தல் தகாது என்னும் எண்ணம் அதனடியில் இருக்கின்றது. வறட்சிகள் பலவற்றை இம்மக்கள் தாங்கியது இதனாலன்றோ!

ஆயின் அன்று மாலை நாம் சென்ற மற்றொரு குடியிருப்பு எம்மைச் சிந்திக்க வைத்தது. 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். காடு வெட்டவும் களை பிடுங்கவும் கதிர் அறுக்கவும் முன்னின்றவர்கள் அவர்களே. நீர்ப்பாசனக் காணியோ அவர்களுட் பெரும்பாலோருக்கு இல்லை. தேநீர் தந்து உபசரித்த அம்மையார் சொன்னார்: “எங்களுக்குக் கொளத்துல பங்கு இல்லைங்க ஐயா. வயல் வெதைச்சாத்தான் கூலி. வெள்ளம் மட்டும் எங்க வீட்டுக்குத்தான் மொதல்ல வருது.” குறை கூறும் தொனி அவர் குரலில் இல்லை, நாளும் அறிந்த ஓர் உண்மையைக் கூறும் அமைதியே இருந்தது.

இவற்றுக்கு மேலாகப் போரின் வடுவும் இருக்கின்றது. 2008 கார்த்திகையில் நிஷா புயல் வீசியபோது, இடம்பெயர்ந்த மக்கள் தறப்பாள் கூடாரங்களில் நனைந்து கிடந்தனர். 2009 இல் போர் முடிந்ததும் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டனர். அம்முகாம் மூடப்பட்டது 2012 இலேதான். ஊர் திரும்பியவர்கள் மாடின்றி, கலப்பையின்றி, பல வீடுகளில் குடும்பத் தலைவனுமின்றி மீண்டும் தொடங்கினர். பாடுபட்டுப் பெருக்கிய மாடுகள் பலவற்றை 2022 டிசம்பரின் கடுங்குளிரும் மழையும் மாய்த்தன. 2025 நவம்பர் இறுதியில் இலங்கை முழுவதையும் உலுக்கிய டித்வா புயலும் வன்னியை விட்டுவைக்கவில்லை.

தொலைவிலுள்ள சோமாலியாவிலும் இதே கதை. அங்கே 2020 முதல் தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்து, ஒட்டகமும் ஆடும் மடிந்தன. 2023 இல் பெய்த மழையோ வெள்ளமாகி எஞ்சியதையும் வாரிச் சென்றது. மந்தையற்றவனும் நிலமற்றவனும் அங்கும் முதலில் வீழ்கின்றனர்.

வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் முன்னிலையில் கடல்நீரில் விளக்கெரிப்பது வன்னி மக்களின் வழக்கம். அவர்தம் நம்பிக்கை அத்துணை உறுதியானது. ஆயினும் வானத்தை வணங்கலாமேயன்றி ஏவ முடியாது. மனிதர் கையில் உள்ளவை சிலவே: சிறு குளங்களைத் தூர்வாருதல், வான் கதவுகளை வேளையறிந்து திறத்தல், தாழ்நிலத்தில் வாழ்வோரை முன்கூட்டியே எச்சரித்தல், குளத்திற் பங்கில்லாத உழைப்பாளிக்கும் நிலத்தில் ஓர் இடம் அளித்தல்.

பொழுது சாயும் வேளையில் நாம் வடக்கு நோக்கித் திரும்பினோம். வழியிலே வற்றிய குளமொன்றின் நடுவில் சிறுவர் சிலர் மண்ணைக் கிளறி விரால் தேடிக்கொண்டிருந்தனர். அகப்பட்டதை எல்லோருக்கும் எண்ணிப் பகிர்ந்தனர். ஒன்றும் பிடிக்காத கடைக்குட்டிக்கும் ஒரு மீன் கிடைத்தது. கட்டின்மீது முதியவர் கூறிய நியதியை அச்சிறுவர்கள் அறிந்திருந்தனர். அதனை வளர்ந்தோர் எல்லார்க்கும் விரிப்பார்களாயின், அடுத்த வறட்சியிலும் வன்னி நிலைக்கும்.