பித்தளைத் தகட்டில் ஒரு கூட்ஸ் எஞ்சின்

1891 டிசம்பர் 10, 11 தேதிகளில், கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒரு நீராவி எஞ்சினை 9 மணி 47 நிமிட வேலை நேரத்தில் பூட்டி முடித்தார்கள். நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டரும் சேர்த்துத்தான். சாம்பல் நிற அடிப்பூச்சுகூட அடித்தாயிற்று. 1878இல் இங்கிலாந்தின் கிரூ ஒர்க்‌ஷாப் இருபத்தைந்தரை மணி நேரத்தில் ஒன்றைச் செய்து காட்டியிருந்தது. 1888இல் அமெரிக்காவின் ஆல்டூனாவில் 16 மணி 50 நிமிடம். ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரர்கள் அந்தப் போட்டியை அதோடு முடித்துவைத்தார்கள். பந்தயத்துக்குச் செய்த எஞ்சின்தானே என்று அதை ஓரங்கட்டவும் இல்லை. மேல்பூச்சுக்குக் காத்திராமல் பீட்டர்பரோ பாதையில் லண்டனுக்கு நிலக்கரி இழுக்க அனுப்பிவிட்டு, பெயின்ட் அடிக்கப் பிற்பாடு கூப்பிட்டுக்கொண்டார்கள். எண் 930. 1935இல் உடைக்கப் போகும்வரை 11 லட்சம் மைலுக்கு மேல் ஓடியது.

அதே வகை எஞ்சினைத்தான் நான் 76இல் ஒரு பங்கு அளவில், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் பூட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை மாதம் ஆயிற்று என்ற கணக்கு என்னிடம் இல்லை. என் மனைவியிடம் இருக்கிறது.

நாங்கள் இருப்பது ஈஸ்ட்ஹாம். ஸ்ட்ராட்ஃபோர்டு பஸ்ஸில் போகிற தூரம்தான். ஒர்க்‌ஷாப்பை 1963இல் மூடிவிட்டார்கள். அந்தப் பக்கமெல்லாம் இன்று வெஸ்ட்ஃபீல்டு ஷாப்பிங் மாலும் ஸ்ட்ராட்ஃபோர்டு இன்டர்நேஷனல் ஸ்டேஷனும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற நம்மவர்களுக்கு, கீழே இருந்தது எஞ்சின் பிறந்த மண் என்று தெரிய நியாயமில்லை. நான் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். பக்கத்து மளிகைக் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். சால்டரிங் அயர்னுக்கு முனை வாங்கிக்கொண்டு வந்த ஒரு சனிக்கிழமை, விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஏன் அண்ணை இவ்வளவு கரைச்சல்? கடையிலை செய்து விக்கேல்லையோ?” என்றார்.

விற்கிறார்கள். ஹார்ன்பி கம்பெனி இதே எஞ்சினை ரெடிமேடாகவே போட்டிருக்கிறது. பெட்டியைத் திறந்து தண்டவாளத்தில் வைத்தால் ஓடும். என்னுடையதைவிட அழகாகவும் இருக்கும். இதில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. ஆனால் அதை வைத்திருப்பவருக்கு ஒய்14 என்ற இந்த எஞ்சின் வகையின் வெளி உருவம் தெரியும். எந்தத் தகடு எதைத் தாங்குகிறது, எது இல்லாவிட்டால் எது சரியும் என்பது பூட்டியவனுக்குத்தான் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டாவது அறிவு.

இந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்ததில் கொஞ்சம் தந்திரமும் உண்டு. டி. டபிள்யூ. வொர்ஸ்டெல் 1883இல் வரைந்த வடிவம் இது; 1913 வரை மொத்தம் 289 எஞ்சின்கள் செய்தார்கள். மூன்று அச்சு, ஆறு சக்கரம், எல்லாமே இழுக்கிற சக்கரம். சிலிண்டர் இரண்டும் சட்டத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே கண்ணுக்குத் தெரிவது சக்கரங்களைக் கோக்கும் தண்டு மட்டும். வால்ஷார்ட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1844இல் கண்டுபிடித்த, வெளிப்புறம் தொங்கி ஆடும் அந்த நெம்புகோல் கூட்டம் இதில் கிடையாது. முதல் உலோகக் கிட்டுக்கு அதைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

கிட் பெட்டியில் முழு எஞ்சின் இருக்காது. அரை மில்லிமீட்டரைவிட மெல்லிய பித்தளைத் தகடுகள், சட்டத்துக்கு ஜெர்மன் சில்வர் தகடு, புகைபோக்கிக்கும் குவிமாடத்துக்கும் வெள்ளை உலோக வார்ப்பு, ஒரு பொட்டலம் கம்பி, திருகுகள், மங்கலாக அச்சடித்த குறிப்புத்தாள். தகட்டில் அத்தனை உறுப்பும் சின்னச் சின்னக் காம்புகளால் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டியவை அல்ல அவை. ஃபெர்ரிக் குளோரைடு கரைசலால் அரித்தெடுத்தவை. இரண்டு பக்கமும் அரித்த இடம் ஓட்டையாகும். ஒரு பக்கம் மட்டும் அரித்த இடம் பாதி கனத்தில் பள்ளமாகும். அந்தப் பள்ளக் கோடுதான் மடிப்புக்கு வழி. பள்ளம் உள்பக்கம் வரும்படி மடித்து, உள்ளே ஈயம் ஓடவிட்டால் தகட்டின் பலம் திரும்பிவிடும். பாதி அரித்த புள்ளிகளைப் பின்னாலிருந்து ஊசிமுனையால் தட்டினால் முன்னால் ரிவெட் தலை எழும்பும். ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். அந்த மாலைகளில் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

சால்டரிங் என்றதும் ஈயத்தை உருக்கி மேலே வைப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. சூடேற வேண்டியது தகடு. தகடு சூடானால் ஈயம் தானாக இடுக்குக்குள் ஓடிப் போகும். தகடு குளிர்ந்திருந்தால் மேலே முத்தாக நிற்கும், தட்டினால் கழன்றுவிடும். இரண்டு விளிம்பிலும் முன்பே மெல்லிசாக ஈயம் பூசிக்கொள்வது நல்லது. ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர், பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரப் பொடி தூவி, பஞ்சால் ஒரே இழுப்பில் வெள்ளியாக்குவாரே, அதே சங்கதிதான். அயர்ன் முனையைத் துடைக்க இங்கேயும் நவச்சாரக் கட்டி விற்கிறார்கள். மூட்டுக்கு நான் தடவுவது நீர்த்த பாஸ்பாரிக் அமிலம். அதை அன்றன்றைக்குக் கழுவாமல் படுத்துவிட்டால் காலையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ், பாத்திரம் துலக்கும் பொடி, முடிவில் ஒரு கோலி புளி. குறிப்புத்தாளில் புளி கிடையாது. அதை எழுதியவர் நம் அடுப்படியைப் பார்த்ததில்லை.

எஞ்சின் ஓட்டுநர் நிற்கும் கூண்டின் பக்கத் தகட்டை அடித்தளத்தோடு சேர்ப்பதைச் சொல்கிறேன். நடுவில் ஒரே ஒரு புள்ளி பற்றவைக்க வேண்டும். மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் அந்தப் புள்ளியை இளக்கி நிமிர்த்தலாம். அடுத்து ஒரு முனையில் ஒரு புள்ளி, மறு முனையில் ஒன்று, மறுபடி மூலைமட்டம். எல்லாம் நேராக இருக்கிறது என்று மனசு ஒப்பிய பிறகே தையலாக ஓட்ட வேண்டும், அதுவும் துண்டு துண்டாக. ஒரு மூலையில் தொடங்கி ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் பித்தளை நீண்டு, ஆறும்போது நெளிந்துவிடும். ஜெர்மன் சில்வர் இந்த விஷயத்தில் சாது. பேரில் மட்டும் வெள்ளி. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்தது. சூட்டைப் பித்தளை அளவுக்குக் கடத்தாது என்பதால், வைத்த இடத்திலேயே சூடு நிற்கும்.

உண்மையான சோதனை, பக்கத்து மூட்டு இளகாமல் இந்த மூட்டை வைப்பது. அதற்காகத்தான் ஈயத்திலேயே தரம் பிரித்திருக்கிறார்கள். சாதாரண ஈய வெள்ளீயக் கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்கும். பெரிய மூட்டுகளுக்கு அது. அதன்மேல் உட்காரும் சின்ன உறுப்புகளுக்கு 145 டிகிரி ரகம். வெள்ளை உலோக வார்ப்புகளுக்கு வெறும் 70 டிகிரி ரகம், ஏனென்றால் வழக்கமான சூட்டில் அயர்னை வைத்தால் புகைபோக்கியே உருகி மேசையில் குளமாகிவிடும். இந்த 70 டிகிரி ஈயம் பித்தளையில் நேரடியாகப் பிடிக்காது. பித்தளைக்கு முதலில் சாதாரண ஈயம் பூசிவைக்க வேண்டும். கோணலாகப் போனாலும் கவலையில்லை, கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வார்ப்பு தனியாக வந்துவிடும். காட்மியம் கலந்த ரகங்கள் உண்டு; ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது அவசியம், ஜனவரியாக இருந்தாலும்.

ஆக இந்த வேலையில் கைத்திறன் பாதி என்றால் மீதி வரிசை. எதை எதற்கு முன் சுடுவது என்பது தெரிந்துவிட்டால் சுமாரான கையும் ஒப்பேற்றிவிடும். ஸ்ட்ராட்ஃபோர்டில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். 9 மணி 47 நிமிடம் என்பது வேகத்தின் கணக்காகத் தெரிகிறது. ஒருவர் கை எடுக்கிற இடத்தில் இன்னொருவர் கை வைக்கும்படி யாரோ உட்கார்ந்து யோசித்த வரிசையின் கணக்கு அது. அப்போது அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஜேம்ஸ் ஹோல்டன். வரைந்த வொர்ஸ்டெல் 1885லேயே வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பூட்டியதற்குத்தான் அந்தப் பெயர் என்றால், கிட் பூட்டுகிறவனைப் பார்த்து “நீயாகச் செய்தது என்ன?” என்று கேட்பவர்களுக்கு நான் பதில் தேட வேண்டியதில்லை.

சட்டம் மட்டும் கறாரான பேர்வழி. கோக்கும் தண்டில் இருக்கிற துளைகளின் இடைவெளியும் அச்சுகளின் இடைவெளியும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் தண்டையே மாதிரியாக வைத்து அதன்படி தாங்கிகளைப் பற்றவைப்பார்கள். ஒரு பக்கத்துச் சக்கர முளை மறு பக்கத்து முளையிலிருந்து கால் வட்டம் தள்ளி நிற்க வேண்டும்; நிஜ எஞ்சினில், ஒரு பக்கம் பிஸ்டன் கடைசி முனையில் செயலற்று நிற்கும்போது மறு பக்கம் முழு பலத்தோடு தள்ளுவதற்காகச் செய்த ஏற்பாடு. கால் வட்டம் ஒரு டிகிரி முன்பின் போனால் பாதகமில்லை. மூன்று அச்சிலும் ஒரே மாதிரி போயிருக்க வேண்டும், அவ்வளவே. மோட்டார் மாட்டும் முன் கண்ணாடித் தகட்டில் வைத்து விரலால் தள்ளினேன். எங்கும் திக்காமல் போயிற்று. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் எதுவென்றால், முடிந்த எஞ்சினைவிட அந்தத் தள்ளல்தான்.

மற்றபடி மாடல் என்பது பாதி பொய். கொதிகலனுக்குள் நீராவி இல்லை, 12 வோல்ட் மோட்டார் இருக்கிறது. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், இந்த அளவுக்கு 18.83 இருக்க வேண்டும். சின்ன பிரிட்டிஷ் எஞ்சின்களுக்குள் இந்த அளவு தொடங்கிய காலத்து மோட்டார் அடங்கவில்லை என்று உடம்பை மட்டும் பெரிதாக்கிவிட்டு, பாதையை அப்படியே விட்டதன் விளைவு. சரியான அகலத்தில் செய்கிற வைராக்கியசாலிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். எடை இன்னும் வேடிக்கை. சுமார் 37 டன் எஞ்சின். நீளம் 76இல் ஒன்றானால் எடை அதன் கனத்தில், அதாவது சுமார் 4.39 லட்சத்தில் ஒன்றாகக் குறையும். கணக்குப்படி என் எஞ்சின் 85 கிராம்தான் இருக்கலாம். அந்த எடையில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ஆகவே கொதிகலன் நிறைய ஈயத் துண்டுகளைத் திணித்து வைத்திருக்கிறேன்.

பெயின்ட் பாக்கி இருக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டை நடத்திய கிரேட் ஈஸ்டர்ன் கம்பெனி என்றாலே நீலம், அதில் சிவப்புக் கோடு, பிற்காலத்து எல்.என்.இ.ஆர். கம்பெனி என்றால் கறுப்பு. அந்தச் சிவப்புக் கோட்டை மில்லிமீட்டருக்குள் இழுக்கிற கை எனக்கு இல்லை. சாம்பல் நிற அடிப்பூச்சை மட்டும் அடித்து, 930 என்று எண் போட்டு, நிலக்கரிப் பெட்டிகளோடு ஓடவிட்டிருக்கிறேன். பெயின்ட் எங்கே என்று கேட்பவர்களுக்கு 1891 டிசம்பர் என்று பதில் வைத்திருக்கிறேன். கடைக்காரத் தம்பி வந்து பார்த்தார். “முடிஞ்சுதோ அண்ணை?” என்றார். வேலைக்குப் போய்விட்டது, பெயின்ட் அடிக்கத் திரும்பி வரும் என்றேன்.