இரவில் ஓடிய தண்ணீர்

மலசலகூடத்தைப் பற்றியும் பத்திரிகையில் எழுதுவார்களா என்று முகஞ் சுளிப்பவர்கள் இக்கட்டுரையை விட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். எழுதாது விடுவதே எனக்கும் விருப்பம். ஆனால், நாற்பது ஆண்டுகளாக ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வந்த இரண்டு வீட்டாருக்கிடையே பேச்சு அற்றுப் போனதற்கு அந்தச் சிற்றறையிற் கிடந்த ஒரு றப்பர் துண்டே காரணம் என்றால், அதனைச் சொல்லாமல் இருப்பது எப்படி?

எங்களுடையது பங்குக் கிணறு. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கையும் வாய்க்கால் உரிமையையும் சேர்த்து எழுதும் வழக்கத்தை வாசகர்கள் அறிவார்கள். துலா இருந்த காலத்தில் இரு வீட்டாரும் முறைவைத்து இறைத்தார்கள். இப்பொழுது இரு வீட்டிலும் மோட்டார். இரு வீட்டுக் கூரைமேலும் தண்ணீர்த் தாங்கி. தாங்கியில் நீர் குறைந்தால் மோட்டார் தானே ஓடும். நிறைந்தால் தானே நிற்கும். வசதிதான். ஆயினும் எவ்வளவு இறைத்தோம் என்ற கணக்கு நம் கையை விட்டுப் போய்விட்டது. துலாக் கயிற்றைப் பிடித்தவனுக்கு ஒவ்வொரு பட்டையும் தெரியும். அவனுடைய தோளே கணக்குப் பிள்ளை.

சென்ற ஆவணியில் கிணறு வெகுவாக வற்றியிருந்தது. ஒரு நாள் மாலை பக்கத்து வீட்டு அண்ணர் வேலியோரம் வந்து நின்று, "தம்பி, இராவிலையும் உங்கடை மோட்டர் ஓடுது. கன்றுகளுக்கு ஏதும் இறைக்கிறியளோ?" என்று கேட்டார். சாதாரணமான கேள்வி. எனக்கோ அது குற்றச்சாட்டாகப் பட்டது. "எங்கடை பங்குக்கு மேலை நாங்கள் ஒரு வாளியும் அள்ளேல்லை, அண்ணை. உங்கடை வாழையளுக்குப் போறதை ஒருக்காப் பாருங்கோ," என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் வீதியில் என்னைக் கண்டால் சைக்கிளின் மணியைப் பார்த்துக்கொண்டு போவார். நானும் வேறெதையாவது பார்த்துக்கொள்வேன்.

இத்தனைக்கும் எங்கள் மலசலகூடத் தொட்டி சில நாளாகவே சத்தமிட்டுக்கொண்டிருந்தது. சங்கதி எனக்குத் தெரியாததன்று. அந்தச் சத்தத்தையும் கிணற்றையும் ஒன்றோடொன்று சேர்த்து நினைக்கவில்லை, அவ்வளவே.

தொட்டிக்குள் இருப்பவை மிகச் சிலவே. நீர் வரும் குழாயில் மிதவையோடு கூடிய ஓர் அடைப்பு. நீர் உயர மிதவையும் உயர்ந்து, வரவை நிறுத்தும். அடியிலே வெளிவாயை மூடிக்கொண்டு ஒரு றப்பர் மூடி. கைபிடியை அழுத்தினால் சங்கிலி அதனைத் தூக்கிவிடும். தவறி நீர் மிகுந்தால் வழிந்தோடுவதற்கு நடுவிலே நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய். இந்த மூன்றில் ஒன்றிலேதான் பிழை இருக்கவேண்டும். நான் மிதவையைப் பிடித்துக்கொண்டேன். காரணம் வேறொன்றுமில்லை, மூடியைத் திறந்ததும் கண்ணுக்கு முதலிற் படுவது அதுதான். திருகைத் திருகி மிதவையை இறக்கினேன். நீர்மட்டம் வழிவுக் குழாயின் வாயிலிருந்து இரண்டு விரற்கடை கீழே நின்றது. சத்தம் நிற்கவில்லை. கடைக்குப் போய் ஒரு புதிய மிதவை அடைப்பையே வாங்கி வந்து பூட்டினேன். அதுவும் சிறிது நேரம் வாளாவிருந்துவிட்டுப் பின்னர் 'ஸ்' என்று சீறியது. மட்டமான சாமான் என்று கடைக்காரரை மனத்துக்குள் ஏசினேன்.

என் தாயார் எண்பதைத் தாண்டியவர். நித்திரை குறைவு. ஒரு நாட் காலையில் என்னை அழைத்து, "தம்பி, உந்தச் சத்தம் விடாமற் கேக்கேல்லை. நிண்டு நிண்டு கேக்குது. தண்ணி மேலாலை போனால் ஒரேயடியாய்ப் போகுமெல்லே? உது கீழாலை ஒழுகுது. நீலத்தைக் கரைச்சு விட்டுப் பார்," என்றார். துணிக்குப் போடும் நீலத்தைச் சொன்னார். தம் தகப்பனார் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியின் வெடிப்பை அப்படித்தான் கண்டுபிடித்தாராம்.

நீலத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு ஒருவரையும் உள்ளே விடாமற் கால் மணி நேரம் காத்திருந்தோம். பின்னர் போய்ப் பார்த்தால் கீழே கோப்பையின் வெண்பீங்கானில் நீலக் கோடு ஒன்று இறங்கியிருந்தது.

அதன் பின்னர்தான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நீர் வரும் குழாயைப் பூட்டிவிட்டுத் தொட்டியின் உட்சுவரிற் பென்சிலால் ஓர் அடையாளமிட்டேன். ஒன்பது லீற்றர் கொள்ளும் தொட்டி. கால் மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. அப்படியானால் மணிக்குப் 18 லீற்றர். நாளொன்றுக்கு 432 லீற்றர். தாயாருக்கு லீற்றர்க் கணக்குப் பிடிபடாது. நாலு கலன் கொள்ளும் மண்ணெண்ணெய்த் தகரத்தில் இருபத்துநாலு தகரம் என்று சொன்னேன். அவர் வாயிற் கை வைத்துக்கொண்டார். "ஒரு நாளைக்கோ?" என்று மட்டும் கேட்டார். மூன்று வாரத்துக்கு ஐந்நூறு தகரம் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

இதிலே வேடிக்கை என்னவென்றால், மிதவை தன் கடமையைச் செவ்வனே செய்தபடியாலேதான் ஒழுக்கு வெளியே தெரியவில்லை. கீழே போகப் போக அது மேலே நிரப்பிக்கொண்டேயிருந்தது. தாங்கி குறைய மோட்டாரும் நள்ளிரவிற் பணிவோடு எழுந்து இறைத்தது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. கிணறு மாத்திரம் வற்றியது. போன நீர் எங்கே போயிற்று என்றால், மலக்குழி வழியாக அதே சுண்ணக்கற் பாறைக்குள் போயிற்று. கிணற்றுக்கு ஊற்று வருவதும் அப்பாறையிலிருந்தே. அதைப் பற்றி விரிவாக நினைக்க எனக்குத் துணிவில்லை.

பழைய புகையிரத நிலையங்களிலே தலைக்கு மேலே இருந்த, சங்கிலி பிடித்திழுக்கும் இரும்புத் தொட்டியை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். தேய்ந்து ஒழுகுவதற்கு அதன் அடியில் மூடியே கிடையாது. சங்கிலியை இழுத்தால் நீர் ஒரு வளைவுக்கு மேலே தள்ளப்பட்டு, அதன் பின் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு இறங்கும். ஆங்கிலேயர் அதற்கு நீர் விரயத் தடுப்பான் என்றே பெயரிட்டிருந்தனர். பிரித்தானியாவில் 1999 ஆம் ஆண்டின் நீர்ப்பொருத்து விதிகள் வரும்வரை வீடுகளுக்கு இவ்வகைத் தொட்டியே விதிக்கப்பட்டிருந்தது. இழுப்பவரை இரண்டு மூன்று தரம் இழுக்க வைக்கும் தொல்லை அதற்கு உண்டு. அந்தத் தொல்லையை இப்பொழுது நான் மன்னித்துவிட்டேன்.

திருத்தம் அரை மணி வேலை. குழாயைப் பூட்டி, தொட்டியை வெறுமையாக்கி, மூடியைக் கழற்றினேன். றப்பர் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. அது குந்தியிருந்த விளிம்பிலோ எங்கள் ஊர்த் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாகக் கட்டிப் பிடித்திருந்தது. புது றப்பரை மட்டும் மாட்டியிருந்தால் அதுவும் ஒழுகியிருக்கும். வினாகிரியிற் சீலையை நனைத்து விளிம்பிற் சுற்றி ஊறவிட்டுப் பழைய பற்றூரிகையால் தேய்த்தேன். விரலாற் தடவினால் வழுவழுப்பாக இருக்கவேண்டும். கத்தியாற் சுரண்டலாகாது, கீறல் விழுந்தால் அதுவே புதிய வழியாகிவிடும். பழைய றப்பரைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கினேன். சங்கிலியை மூடி அமர்வதற்குப் போதிய தளர்ச்சியோடு, அதன் கீழே அகப்படாத அளவில் விட்டேன். மறுபடியும் நீலம். இந்தத் தரம் கோப்பை வெள்ளையாகவே இருந்தது.

அன்றிரவு மோட்டார் ஓடவில்லை. ஓடாத அந்த அமைதியில் எனக்கு நித்திரை வரவில்லை.

மறுநாள் மாலை பழைய றப்பரை ஒரு கடதாசியிற் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அண்ணர் திண்ணையில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். ஐந்நூறு தகரக் கணக்கையும் சொன்னேன். வாழைகளைப் பற்றிச் சொன்னது பிழை என்றும் சொன்னேன். அவர் றப்பரைக் கையில் வாங்கி, நெளிந்த பக்கத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். வாழைகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"ஐப்பசி மழையோடை கிணறு ஊறிவிடும்," என்றார் சற்று நேரங் கழித்து. பின்னர் உள்ளே திரும்பி, தேத்தண்ணீர் இரண்டு என்று குரல் கொடுத்தார்.