கல்லடி மணலில் ஒரு சுரைப்பந்தல்

காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் பஸ் ஏறும் சகோதரிகளே, மஞ்சந்தொடுவாயும் நாவற்குடாவும் கழிந்ததும் வருகிற கல்லடியை நீங்கள் பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள். 1924இல் கட்டிய இரும்புப் பாலமும், அதன் பக்கத்திலே 2013இல் திறந்த புதுப் பாலமும் தெரியும். நிலாக் காலத்தில் வாவியில் மீன் பாடும் என்று சொல்வதும் இந்தப் பாலத்தடியில்தான். யேசு சபைத் துறவியான லாங் அடிகளார் 1954இல் அந்த ஓசையை ஒலிநாடாவில் பிடித்த இடமும் இதுவே.

அடுத்த தடவை இறங்கிக் கொஞ்சம் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவிலே ஒடுங்கிய மணல் நிலம். இந்த மணலிலா காய்கறி என்று தோன்றும். ஆனால் வளவுகளுக்குள்ளே எட்டிப் பார்த்தால் முருங்கையும், கத்தரியும், பந்தலில் தொங்கும் புடலங்காயும் கண்ணில் படும்.

இதற்கெல்லாம் காரணம் கிணற்று நீர். மணலுக்கடியில் இருப்பது கடலின் உப்புநீர். மழைநீர் அதைவிட இலேசானது. ஆகவே உப்புநீரின் மேலே ஒரு படையாக அது மிதந்து நிற்கிறது. அளவோடு அள்ளினால் நல்ல தண்ணீர். மோட்டர் போட்டு ஓயாமல் இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது இந்தக் கரையோரக் கிணறுகளிலெல்லாம் கடல் புகுந்தது. பலர் கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அப்படி அதிகம் இறைப்பது நன்மை செய்யாது என்று நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். உப்பைக் கழுவியது மாரி மழைதான். அல்லாஹ் இறக்கிய மழை!

ஆகவே மணலில் தோட்டம் என்றால் தண்ணீரைச் சிக்கனமாகக் கொடுக்கும் வித்தைதான். ஒரு முழ ஆழத்தில் கிடங்கு வெட்டி, அடியில் தேங்காய் உரிமட்டைகளைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி அடுக்குங்கள். அவை தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேலே மாட்டெருவும், காய்ந்த இலை சருகும். வாவியில் ஒதுங்கும் ஆற்றுவாழை கிடைத்தால் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் அதுவே முளைக்கப் பார்க்கும். மாரியில் மேட்டுப்பாத்தி, கோடையில் பள்ளப்பாத்தி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொடியின் அருகே ஒரு மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால் அது கசிந்து கசிந்து வேருக்குப் போகும். ஊற்றினால் மணல் குடித்துவிடும். கசியவிட்டால் கொடி குடிக்கும்.

இனி விருந்துக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை விட்டதும் ஓர் இரவு 'கதை விருந்து' வையுங்கள். ஒவ்வொரு கறிக்கும் ஒரு கதை. கதையை முதலில் சொல்லிவிட்டுத்தான் கறியைப் பரிமாற வேண்டும். பூசணிக்காய்க்குச் சின்ரெல்லாவின் வண்டி. பயிற்றங்காய்க்கு வானம் வரை ஏறிய ஜாக்கின் அவரைக்கொடி. ரசத்துக்கு முல்லா நஸ்ருதீன் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் விருந்தாளி, அவனுக்குக் கிடைத்த 'சூப்பின் சூப்'. இந்தக் கதைக்குத்தான் சிரிப்பு அதிகம்.

நடுவிலே வைக்க வேண்டியது சுரைக்காய்ப் பால்கறி. மீன் வயிற்றிலிருந்து வெறும் கரையில் எறியப்பட்ட யூனுஸ் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு மேலே அல்லாஹ் சுரைக்கொடியை முளைக்க வைத்ததைக் குர்ஆன் ஸாஃப்பாத் அத்தியாயத்தில் சொல்கிறது. ஒரு தையற்காரர் வீட்டு விருந்தில் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பாத்திரத்தைச் சுற்றிச் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்ததைப் பார்த்த அனஸ் ரலியல்லாஹு அன்ஹு, அன்றிலிருந்து தாமும் சுரைக்காயை விரும்பியதாக ஹதீஸ் உண்டு. மீன் பாடும் வாவிக்கரையில் இருந்துகொண்டு மீனும் சுரைக்கொடியும் உள்ள கதையைச் சொன்னால் பிள்ளைகளின் கண்கள் எப்படி விரியும்!

ஒரு விஷயம். இந்த விருந்துக்கு நம் வீட்டாரை மட்டும் கூப்பிடாதீர்கள். 1990உம் 2019உம் காத்தான்குடிக்கும் மட்டக்களப்புக்கும் என்ன செய்தன என்பது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் கைநனைப்பது குறைந்துபோனது. இறைச்சி சமைத்தால் அவர்களுக்கு விரத நாளாக இருக்கும். அவர்கள் சமைத்தால் நமக்கு ஹலால் கேள்வி வரும். வளவில் பறித்த காய்க்கு இரண்டும் இல்லை. மரக்கறி விருந்து என்றாலே முகம் சுளிக்கும் ஆண்கள் நம்மிடம் உண்டுதான். ஓர் இரவு பொறுத்துக்கொள்ளட்டும்!

வருகிற பிள்ளைகளையும் ஆளுக்கொரு கதை கொண்டுவரச் சொல்லுங்கள். கிறிஸ்தவப் பிள்ளைக்கு யூனுஸ் நபியின் கதை யோனாவின் கதையாகத் தெரியும். தமிழ் பைபிளில் சுரைக்குப் பதிலாக ஆமணக்குச் செடி என்பதை அது சொல்லக் கேட்டு நம் பிள்ளைகள் ஆச்சரியப்படும். இந்துப் பிள்ளை ஔவையாரையும் சுட்ட பழத்தையும் சொல்லும். விழுந்த பழத்தில் ஒட்டிய மணலை ஊதும் பாட்டியின் கதை, நாவலின் பேரைத் தாங்கிய நாவற்குடாவுக்குப் பக்கத்தில் சொல்வதற்கென்றே பிறந்த கதை. ஒரு கூடை நாவற்பழம் கிடைத்தால் அதுவே கடைசிப் பரிமாறல்.

சமைக்குமுன் சுரைக்காயில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயை அப்படியே எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரை உடம்புக்கு ஆகாது. நல்ல காயாகக் கொடியிலேயே ஒன்றை முற்றிக் காயவிட்டு, விதையைச் சாம்பலில் பிரட்டி வையுங்கள். வீட்டுக்குத் திரும்பும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஐந்து விதையைக் கடதாசியில் மடித்துக் கொடுத்து, ஐப்பசி மழைக்கு ஊன்றச் சொல்லுங்கள்.