கரை தெரிந்தும் நகராத படகு

நாளை செய்யவிருக்கும் காரியத்தைப் பேசும்போது 'இன்ஷா அல்லாஹ்' என்கிறோம். அச்சொல்லின் கனத்தைக் கடற்பயணம் போல உணர்த்துவது வேறொன்றில்லை. அல்லாஹ் நாடினால் காற்றை அடக்கிவிடுவான், கப்பல்கள் கடலின் முதுகில் அசைவற்று நின்றுவிடும் என்று சூரா அஷ்ஷூராவின் 33 ஆம் வசனம் உரைக்கிறது. இன்று காற்றின் இடத்தில் டீசல் எஞ்சின் இருக்கிறது. அதுவும் அவன் நாட்டத்துக்கு உட்பட்டதே.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னைய காலம் அது. திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் கொட்டியாரக்குடாவைக் கடந்து லோஞ்சில் செல்வதே எங்கள் வழக்கம். எங்களை வளர்த்த சாச்சி மூதூரில் மௌத்தான செய்தி காலையில் வந்தது. அஸருக்குப் பின் நல்லடக்கம் என்றார்கள். பிற்பகல் லோஞ்சில் ஏறினோம்.

நடுக்குடாவில் எஞ்சின் இருமுறை இருமி நின்றது. டீசலில் தண்ணீர் கலந்திருந்தது. ஓட்டுநர் வடிகட்டியைக் கழற்றித் துடைத்தார். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினார். மீண்டும் மீண்டும் முயன்றார். "கொஞ்சம் பொறுங்க காக்கா, சரியாயிடும்" என்றார். மூதூர்க் கரையின் தென்னைகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால், படகு நகரவில்லை.

இதே குடாவில்தான், 1659 இல் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலேயக் கப்பல் பழுதுபார்க்க ஒதுங்கியது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்ட அதன் மாலுமிகளுள் ஒருவரான ரொபர்ட் நொக்ஸ் 1679 இல்தான் தப்பினார். சில நாள் தங்கலென எண்ணியது ஏறத்தாழ இருபதாண்டாய் நீண்டது. எங்கள் தாமதமோ சில மணி நேரம். எனினும் ஜனாஸா காத்திருக்காது.

அஸர் நேரம் வந்தது. கடல்நீரில் வுழூச் செய்து, மேற்கே சாய்ந்த கதிரவனைக் கொண்டு கிப்லாவைக் கணித்து, ஆடும் பலகையில் அமர்ந்தே தொழுதோம். அவ்வேளையில் கரையில் ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப்புகள் நின்றிருக்கும் என்று எங்கள் உள்ளம் அறிந்திருந்தது. ஒருவரும் பேசவில்லை.

மஃரிபுக்குச் சற்று முன் எஞ்சின் உயிர்பெற்றது. நாங்கள் மையவாடியை அடைந்தபோது மண் மூடப்பட்டிருந்தது. பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்தவரின் கப்றடியில் நபி (ஸல்) அவர்கள் தொழுதார்கள் என்ற ஹதீஸை இமாம் நினைவூட்டினார். அந்த ஈர மண்ணருகே நின்று தொழுதோம்.

முகத்தைப் பார்க்கும் வாய்ப்புத்தான் தவறியது. துஆவின் வாசல் அடைபடவில்லை. மேற்சொன்ன வசனம் பொறுமையாளரையும் நன்றியாளரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. கைகட்டி இருப்பதன்று பொறுமை. ஓட்டுநர் எண்ணெய்க் கைகளோடு முயன்றதும், நாங்கள் தொழுகையை நேரத்தில் நிறைவேற்றியதும் அதில் அடங்கும். எட்டாத கரையை அல்லாஹ்விடம் ஒப்படைப்பது அதற்கு அடுத்த படி.

எங்கள் சாச்சியின் கப்றை வல்ல நாயன் ஒளிமயமாக்குவானாக. கடலில் செல்வோர் அனைவரையும் நலமாய்க் கரைசேர்ப்பானாக. ஆமீன்.