சுவருக்குள் கேட்ட ஓசை



என் மகளுக்குப் பதினோரு வயது. சென்ற ஆண்டு அவளுடைய நன்னா மௌத்தான பிறகு, இஷாவுக்குப் பின் தன் அறையில் தனியே உறங்க மறுத்தாள். விளக்கை அணைக்கக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது என்றாள். "ஆயத்துல் குர்ஸி ஓதிட்டுப் படும்மா, ஒண்ணும் வராது" என்று சொல்லிவிட்டு நான் அடுக்களைக்குத் திரும்பிவிடுவேன். ஓதச் சொன்னதில் தவறில்லை. நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித்தந்த பாதுகாப்பு அது. ஆனால் அவள் பேச்சை முடித்துவைப்பதற்காகவே நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எனக்கு உணர்த்தியது ஒரு படக்கதைப் புத்தகம் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

பள்ளி நூலகத்திலிருந்து அவளே எடுத்து வந்த ஆங்கிலப் புத்தகம் அது: 'தி வூல்வ்ஸ் இன் தி வால்ஸ்', அதாவது சுவர்களுக்குள் ஓநாய்கள். நீல் கெய்மன் எழுத, டேவ் மெக்கீன் வரைந்து, 2003இல் வெளியானது. கெய்மனின் சிறு மகள் கண்ட கெட்ட கனவிலிருந்து பிறந்த கதையாம். இருண்ட பக்கங்கள், பேனாவால் கீறியது போன்ற ஓநாய்கள். புரட்டிப் பார்த்ததுமே, ஏற்கெனவே அஞ்சும் பிள்ளைக்கு இது எதற்கு என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து நாற்காலி போட்டு அதை எடுத்துக்கொண்டு வந்து, "உம்மா, என்கூட உட்கார்ந்து படிங்க" என்றாள்.

கதையில் லூசி என்ற சிறுமிக்குப் பழைய வீட்டின் சுவருக்குள் ஓசை கேட்கிறது. ஓநாய்கள் என்கிறாள். பழக்கூழ் காய்ச்சிப் புட்டியில் அடைத்துக்கொண்டிருக்கும் தாய், எலியாக இருக்கும் என்கிறாள். தந்தை பெருச்சாளி என்கிறார், சகோதரன் வௌவால் என்கிறான். ஒருவரும் சுவரில் காதை வைத்துப் பார்ப்பதில்லை. ஒருநாள் ஓநாய்கள் வெளியே வந்துவிடுகின்றன. குடும்பமே தோட்டத்துக்கு ஓடுகிறது. பெரியவர்கள் எங்கே போய்க் குடியேறலாம் என்று யோசிக்கிறார்கள். வீட்டுக்கே திரும்பலாம் என்று சொல்பவள் லூசி மட்டுமே. விட்டுவந்த பொம்மையை மீட்க, நள்ளிரவில் தனியாக அந்த வீட்டுக்குள் நுழைபவளும் அவளே.

அந்தப் பொம்மை ஒரு பன்றிக்குட்டி. எட்டிப் பார்த்த என் மாமியார் முகம் சுளித்தார். "தின்னத்தானே மாமி ஹராம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

தாய் பழக்கூழ் காய்ச்சும் பக்கத்தில் நான் நின்றுவிட்டேன். அடுக்களையில் நின்றபடியே பதில் சொல்லும் அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரிந்திருந்தது. மகளிடம் கேட்டேன்: "நம்ம வீட்டுச் சுவர்ல உனக்கு என்ன கேட்குது?"

வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மண்ணு விழுற சத்தம்" என்றாள்.

என் ராத்தாவின் மகன் அடக்கத்துக்குப் போய் வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்: கபுரின் மேல் பலகை அடுக்கியதை, தான் மூன்று பிடி மண் போட்டதை, பிறகு மண்வெட்டியால் தள்ளியபோது எழுந்த ஓசையை. "நன்னாவுக்கு இருட்டே பிடிக்காதே உம்மா. வராந்தா லைட்டை யாரையும் அணைக்க விட மாட்டாங்களே" என்றாள்.

அவள் தனக்காக மட்டும் விளக்குக் கேட்கவில்லை. இத்தனை மாதங்களில் நான் ஒருமுறைகூட அதைக் கேட்டு அறியவில்லை.

ஹிரா குகையில் முதல் வஹீ வந்தபின் நபி (ஸல்) அவர்கள் நடுங்கியபடி வீடு திரும்பி, தம்மைப் போர்த்தும்படி கேட்டார்கள். நாம் பலமுறை கேட்ட நிகழ்ச்சிதான். வீட்டார் முதலில் போர்த்தினார்கள். நடுக்கம் தணிந்தபின் நபியவர்கள் நடந்ததைச் சொல்ல, கதீஜா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அதன் பிறகே, அல்லாஹ் தங்களைக் கைவிட மாட்டான் என்று ஆறுதல் கூறினார்கள். நானோ ஆறுதலில் தொடங்கி ஆறுதலிலேயே முடித்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு என் மகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். இருவரும் அழுதோம். நன்னாவின் கபுரை விசாலமாக்கவும் ஒளியால் நிரப்பவும் துஆ கேட்டோம். அவள் தன் சொற்களில் கேட்டாள், நான் ஆமீன் சொன்னேன்.

இத்தகைய இருண்ட படக்கதைகள் எல்லாப் பிள்ளைக்கும் ஏற்றவை அல்ல. ஓநாய்களைக் கண்டு என் ஆறு வயது மகன் அலறிவிட்டான். அவனிடமிருந்து மறைத்துத்தான் வைத்தேன். பெற்றோர் முதலில் வாசித்துவிட்டுக் கொடுப்பதே நல்லது. ஆனால் பத்து வயதைக் கடந்த பிள்ளையிடம் அச்சமே இல்லாத உலகைக் காட்டும் புத்தகங்களை மட்டுமே நீட்டுவது எனக்கு இப்போது சரியாகப் படவில்லை. யூஸுஃப் (அலை) அவர்களைச் சகோதரர்களே கிணற்றில் தள்ளிய வரலாற்றை அதைவிடச் சிறிய வயதிலேயே நாம் சொல்லிக்கொடுத்துவிடுகிறோமே.

அடுத்து ஷான் டான் 2001இல் வெளியிட்ட 'தி ரெட் ட்ரீ' புத்தகத்தை நானே தேடி வாங்கினேன். மனம் இருண்டுபோன ஒரு சிறுமியின் ஒருநாள் அது. ஒரு பக்கத்தில், தெருவில் நடக்கும் அவள் தலைக்கு மேல் மாபெரும் மீன் ஒன்று வாய் பிளந்து மிதக்கிறது. மகள் அங்கேயே விரலை வைத்தாள். "யூனுஸ் நபி மீனுக்கு உள்ளே இருந்தாங்க. இவளுக்கு மேலே இருக்கு."

இருள்களுக்குள் இருந்து அவர்கள் இறைவனை அழைத்ததாகக் குர்ஆன் பன்மையில் கூறுவதையும், இரவின் இருள், கடலின் இருள், மீன் வயிற்றின் இருள் என அதை விளக்குவோர் உண்டு என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே முதல் பக்கத்திலிருந்து மீண்டும் புரட்டினாள். ஒவ்வொரு படத்திலும் எங்கோ ஒரு மூலையில் சிறிய சிவப்பு இலை ஒன்று ஒளிந்திருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். எனக்குத் தென்படவே இல்லை.

இப்போது பெரும்பாலான இரவுகளில் தன் அறை விளக்கை அவளே அணைத்துவிடுகிறாள். சில இரவுகளில் என்னை அழைக்கிறாள்; கை வேலையைப் போட்டுவிட்டுப் போகிறேன். வராந்தா விளக்கை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் அணைப்பதில்லை.