சீனத்துப் பரீட்சார்த்தியும் ஆங்கிலப் பயிற்சி வினாக்களும்

பரீட்சை மாணவர்க்கு அச்சத்தையும் ஆசிரியர்க்குக் கவலையையும் ஒருங்கே தருவது. எந்நாட்டிலும் பரீட்சைகள் உள எனினும், அதனைத் தன் நாகரிகத்தின் தூண்களுள் ஒன்றாகவே கொண்டு வாழ்ந்த நாடு சீனம். அரசசேவைக்கு ஆள் தெரியும் பரீட்சை அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று, 1905ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. நான்சிங் நகரத்துப் பரீட்சைக் கூடத்தில் ஒவ்வொருவரும் தனித்திருந்து எழுதுதற்கென 20,000இற்கு மேற்பட்ட சிற்றறைகள் இருந்தன என்பர். அந்நாட்டிலே நம் காலத்தில் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்குப் புக விரும்புவோர் ஆங்கிலத்தில் எவ்வாறு சோதிக்கப்பட்டனர் என்பதைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம். தமிழாசிரியர்க்கு இதனால் ஆவதென்னை எனச் சிலர் வினவக்கூடும். மொழி கற்பிப்போர் அனைவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு என்பது போகப்போகப் புலனாகும்.

எம்மிடம் கற்றுப் பின்னர்ப் புலமைப்பரிசில் பெற்றுச் சீனஞ் சென்று மீண்ட பழைய மாணவர் ஒருவர், தம் விடுதித் தோழர் பயன்படுத்திய பயிற்சி நூலொன்றைக் கொணர்ந்து எமக்குக் காட்டினார். அட்டை தேய்ந்து, ஓரங்களெல்லாம் சிறு சீன எழுத்துக்களால் நிறைந்திருந்தது அந்நூல். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில மாலைப் பொழுதுகளை அதனோடு கழித்தோம். சீன எழுத்து எமக்குத் தெரியாது. அவற்றின் பொருளை மாணவரே எடுத்துரைத்தார்.

சீனத்தில் பட்டங்கள் பற்றிய சட்டவிதிகள் 1981இல் நடைமுறைக்கு வந்தன. 1983 மே மாதத்தில் அந்நாட்டின் முதற் கலாநிதிகள் 18 பேர் பெய்ஜிங் மக்கள் மாமண்டபத்தில் சிறப்பிக்கப்பெற்றனர். முதுமாணிப் படிப்புக்கு நாடு முழுவதற்கும் பொதுவான ஆங்கில வினாப்பத்திரம் உண்டு. கலாநிதிப் படிப்புக்கோ பல்கலைக்கழகங்கள் தத்தமக்கெனத் தனி வினாப்பத்திரம் ஆக்கின. மருத்துவத் துறைக்கு மாத்திரம் பொதுப் பரீட்சை ஒன்று நெடுங்காலம் நடைபெற்றது. ஆகவே, தாம் புக விரும்பும் பல்கலைக்கழகத்தின் பழைய வினாக்களைத் தேடித் தொகுத்துப் பயிலுதல் பரீட்சார்த்திகளின் வழக்கமாயிற்று. சொல்லும் இலக்கணமும், இடைவெளி நிரப்பல், கிரகித்தல், மொழிபெயர்ப்பு, கட்டுரை என்பன பொதுவாக அமையும் பகுதிகள். ஆங்கிலத்துக்கெனத் தனியே ஓர் எல்லைப் புள்ளி உண்டு. அதனை எட்டாதவர் தம் துறையிலே எத்துணை வல்லவராயினும் வாயிலுக்கு வெளியே நிற்கவேண்டியவரே.

சொற்பகுதி வினாக்கள் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிய வேண்டுவன. அடொப்ற், அடாப்ற், அடெப்ற் என ஒலியால் நெருங்கிய சொற்களை ஒருங்கு நிறுத்தி மயக்குவது அவற்றின் இயல்பு. முதலது மேற்கொள்ளல், இரண்டாவது இயைவித்தல், மூன்றாவது கைதேர்ந்த என்னும் பொருளது. வாக்கியத்தில் இடைவெளி வினைக்குரியதாயின் மூன்றாவது தானே கழிந்துவிடும். எஞ்சிய இரண்டினுள் பொருளே தீர்ப்பளிக்கும். நம் மாணவர் வலி, வளி, வழி என்பவற்றில் இடறுவதை ஒத்ததே இஃது. நான்கில் ஒன்று என்னும் முறையில், யாதும் அறியாதவனும் 20 வினாக்களில் ஏறத்தாழ ஐந்தைப் பெறக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

இடைவெளி நிரப்பல் இதனினும் நுட்பமானது. 1953இல் வில்சன் டெய்லர் என்னும் அமெரிக்கர், ஓர் உரைப்பகுதி வாசிப்போர்க்கு எவ்வளவு எளியது என்பதை அளத்தற்பொருட்டு இம்முறையை வகுத்தார். பின்னர் அது மொழியறிவை அளக்கும் கருவியாயிற்று. இங்கே விடுபட்ட சொல் பெரும்பாலும் ஒரு சிற்றிடைச்சொல்லாகவே இருக்கும். ‘ஆயினும்’ வருமோ ‘ஆகையால்’ வருமோ என்பதை அவ்வொரு வாக்கியம் உரைக்காது. பந்தியின் போக்கு முழுவதுமே உரைக்கும்.

கிரகித்தற் பகுதியிலே எம்மை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்றுண்டு. தவறான விடைகளுட் சில உலகியலில் உண்மையானவை. ஆனால் தரப்பட்ட பந்தியிற் கூறப்படாதவை. பல நூல் கற்ற ஆராய்ச்சியாளரே இவ்வலையில் எளிதில் விழுகின்றனராம். ஆசிரியன் கூறியதை மட்டும் கேட்டல் என்பது கற்றவர்க்கும் அரிதாகின்றது.

இனி, சீனர் இடர்ப்படும் இலக்கணத்தை நோக்குவோம். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. நேற்று, நாளை போன்ற சொற்களும் சில இடைச்சொற்களுமே குறிப்பைத் தருகின்றன. எனவே, நிகழாததொன்றை நிகழ்ந்ததுபோற் கூறும் ஆங்கில வினைவடிவங்கள் அவர்க்குப் பெருந்துன்பம் தருகின்றன. மற்றொன்று நமக்கும் உரியது. ‘நேற்று வந்த மாணவன்’ என நாம் பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னே வைப்பதுபோலவே சீனரும் அடைத்தொடரை முன்னே வைப்பர். ஆங்கிலமோ அதனைப் பின்னே தொங்கவிடும். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அடைத்தொடர் தொங்கும் ஆங்கில வாக்கியத்தை மொழிபெயர்க்கப் புகும் சீனர் அதனை உடைத்துப் பிரித்தே தம் மொழியில் அமைக்கவேண்டும். அத்தகைய வாக்கியங்களே பயிற்சி நூலில் மிகுதி.

இவ்விடத்தில் யென் பூ என்னும் அறிஞரை நினைவுகூர்தல் தகும். அவர் 1877 முதல் 1879 வரை இங்கிலாந்தின் கிறீனிச் கடற்படைக் கல்லூரியில் கற்றவர். நாடு திரும்பியபின் 1885 முதல் 1893 வரை நான்கு முறை பழைய அரசுப் பரீட்சைக்குத் தோற்றியும் சித்தியெய்தவில்லை. ஆங்கிலம் வல்ல அவர்க்கு அன்று வாயிலை அடைத்தது பழஞ்சீன நூற்புலமைப் பரீட்சை. அவரே ஹக்ஸ்லி கூர்ப்பும் ஒழுக்கமும் பற்றி எழுதிய நூலைச் சீனத்தில் ஆக்கி 1898இல் வெளியிட்டு, மெய்ம்மை, தெளிவு, செம்மை என மொழிபெயர்ப்பாளர்க்கு மூன்று அருமைகளை வகுத்துரைத்தார். 1912இல் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராகவும் ஆனார். அன்று பழஞ்சீனம் நின்ற வாயிலில் பின்னாளில் ஆங்கிலம் வந்து நின்றது. காவலன் மாறினான், வாயில் மாறவில்லை.

பயிற்சி நூலுக்கு உரியவரான அத்தோழர் இரசாயனத் துறையினர். தம் துறைக் கட்டுரைகளை ஆங்கிலத்திற் படித்து விளங்க வல்லவர். இருந்தும் இரு முறை ஆங்கில எல்லைப் புள்ளியைச் சிறிது வித்தியாசத்தால் தவறவிட்டார். வீட்டில் முதிய பெற்றோர், கையில் வருவாய் இல்லை, ஈராண்டுகள் கழிந்தன. மூன்றாம் ஆண்டில் நாடோறும் ஓர் ஆங்கிலப் பந்தியைச் சீனமாக்குவார். மறுநாள் நூலை மூடிவைத்து அதனை மீளவும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவார். அம்முறை அவர்க்கு இடம் கிடைத்தது. தம்மைக் கரையேற்றியது ஆயிரக்கணக்கான பல்தேர்வு வினாக்களா, அச்சிறு பந்திகளா என்பது தமக்கே தெரியாது என்றாராம். எமது துணிபு பந்திகளே என்பது. ஏனெனில், வினாக்கள் அவர் அறிந்ததை அளந்தன. பந்திகளே அவர் அறியாததைக் காட்டின. மேலும், தம் தாய்மொழி வாக்கியம் எவ்வாறு நடக்கின்றது என்பதை அவர் முதன்முதல் உற்றுநோக்கியது அப்பொழுதேயாம்.

இன்று நிலை பெரிதும் மாறிவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தனி எழுத்துப் பரீட்சையைக் கைவிட்டு, விண்ணப்பத்தையும் ஆய்வுத் திறனையும் ஆராய்ந்து நேர்முகத்தில் தெரிவு செய்கின்றன. ஆங்கிலத்துக்கோ, கல்லூரி ஆங்கிலத் தேர்வில் 1989இல் தொடங்கிய ஆறாந்தரத்தின் புள்ளிகள் போன்ற சான்றுகளைக் கேட்கின்றன. 710இல் 425 என்பது பலவிடத்தும் வேண்டப்படும் அளவு. ஆராய்ச்சியாளனை அவன் ஆராய்ச்சியால் அளப்பதே முறையென்பது எமது கருத்து. ஆயினும் மொழிப்பயிற்சியின் தேவை அதனாற் குறைந்துவிடவில்லை.

கல்லூரி விழாக் காணும் இவ்வாண்டில், பயிலும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே. பழைய வினாத்தொகுதிகளை வாங்குங்கள். அவற்றில் வெறுப்பு வேண்டா. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு பந்தியை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி, மீண்டும் ஆங்கிலமாக்கிப் பாருங்கள். தமிழில் வாக்கியம் தளரும் இடத்தை ஆங்கில ஆசிரியர்க்கும் தமிழாசிரியர்க்கும் ஒருங்கே காட்டுங்கள். அவ்விருவரும் ஒரே ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலிகளில் இருப்பவர்களே.